வெள்ளைக் கையுறை

டாட் ராபின்சனின் முதல் சவாரி அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1912இல் ஆஸ்திரேலியாவில், பிரசவ வலி கண்ட அம்மாவை அப்பா சைடுகாரில் உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. 1940இல் மிச்சிகனின் ஜாக் பைன் நெடும்பந்தயத்தில் சைடுகார் பிரிவில் டாட் வென்றார். லிண்டா டுகோவுடன் சேர்ந்து ‘மோட்டார் மெய்ட்ஸ்’ என்ற பெண்கள் சங்கத்தையும் தொடங்கினார். சேர்வதற்கு ஒரு நிபந்தனை: வண்டி சொந்தமாகவோ குடும்பத்தாருடையதாகவோ இருக்க வேண்டும், அதைத் தானே ஓட்ட வேண்டும். பின்சீட்டில் வருபவருக்கு இடமில்லை.

என்னை உறுத்துவது அவர்கள் சீருடையோடு அணிந்த வெள்ளைக் கையுறை. டாட் இளஞ்சிவப்பு உடுத்தினார், வண்டியில் லிப்ஸ்டிக்குக்கும் இடம் வைத்திருந்தார். வண்டி ஓட்டினாலும் கண்ணியமான பெண்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. ஆணிடம் இப்படியொரு சான்று யார் கேட்டார்கள்? ஆனாலும் கேலி செய்ய மனம் வரவில்லை. ‘இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்’ என்று சொல்லித்தானே நாமும் வீட்டில் வண்டிச் சாவியை வாங்கினோம்.

கையுறை எல்லோருக்கும் உதவியிருக்காது. அதே காலத்தில் அமெரிக்கா நெடுகத் தனியாக ஓட்டிய கறுப்பினப் பெண் பெஸ்ஸி ஸ்டிரிங்ஃபீல்டுக்கு அறை மறுக்கப்பட்டது. பெட்ரோல் பங்கில் வண்டிமேலேயே படுத்துத் தூங்கினார். எந்தக் கண்ணியத்தைக் காட்டி அவர் அந்தக் கதவைத் திறந்திருக்க முடியும்? ‘நாங்கள் நல்ல பெண்கள்’ என்று வாதாடி வாங்கும் இடத்தில், அந்த வாதமே செல்லாத பெண்ணுக்கு என்ன பங்கு?

டாட் 85 வயதுவரை ஓட்டினார். இளஞ்சிவப்பு அவருக்கு உண்மையிலேயே பிடித்த நிறமாக இருந்திருக்கலாம். என்னால்தான் அதை வெறும் நிறமாகப் பார்க்க முடியவில்லை.