எதைக் காக்கிறோம்?

திருவண்ணாமலைத் தேரடி வீதித் தேநீர்க் கடைகளில் கிரிக்கெட் பேச்சு வந்தால், அடித்து ஆடி அவுட்டானவனைவிட அடிக்கத் துணியாதவனுக்கே வசவு அதிகம். இந்தக் கோபத்தில் நியாயம் உண்டா?

1975, ஜூன் 7. லண்டன் லார்ட்ஸ் மைதானம். முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ஓட்டங்கள் குவித்தது. பதிலுக்கு ஆடிய இந்தியா எடுத்தது 132. தொடக்கம் முதல் கடைசிவரை நின்ற கவாஸ்கர், 174 பந்துகளில் எடுத்தது 36. பொறுக்கமாட்டாத ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டார்கள்.

கவாஸ்கர் கோழையா? அல்லர். கடும் வேகப் பந்துகளைத் தலைக்கவசமின்றி எதிர்த்து நின்றவர். ஐந்து நாள் டெஸ்டில் இதே தடுப்பாட்டத்துக்குக் கைதட்டியிருப்போம். அங்கே தோல்வியைத் தவிர்த்து டிரா செய்ய வழியுண்டு. காப்பதற்கு ஒன்று இருக்கிறது. லார்ட்ஸில் அன்று அது இல்லை. காலியான களஞ்சியத்துக்குக் காவல் எதற்கு?

1986இல் நம் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா 348 ஓட்டங்களை இலக்காக வைத்தது. டிரா போதுமென்று இந்தியா ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்காமல் துரத்தியது, 347இல் ஆட்டம் சமனாயிற்று. வெற்றி கிட்டாத அந்த ஆட்டத்தை இன்றும் பெருமையோடு பேசுகிறோம். அன்று 90 ஓட்டங்கள் எடுத்தவரும் அதே கவாஸ்கர்தான்!

அடுத்தவன் மட்டையில் துணிச்சலைத் தேடும் நாம், மகன் சொந்தத் தொழில் என்று வாயெடுத்தால், “எதற்கடா வம்பு?” என்கிறோம். அப்போது நாம் காப்பது எதை? பதில் இருந்தால் அது விவேகம். இல்லாவிட்டால் வெறும் பயம்.