நோய் தோன்றுமுன் நாடுதல்

புணே நகரின் கசபா பேட்டையில் 'தாம்பட் ஆளி' என்றொரு தெரு உண்டு. பேஷ்வாக்கள் காலந்தொட்டுச் செம்புக் கன்னார் தொழில் செய்துவரும் தெரு அது. செம்பும் பித்தளையும் மராட்டிய இல்லங்களின் பெருமை; தமிழ் இல்லங்களிலும் அவ்வாறே. அப்பெருமையின் அடியில் ஒரு துயரம் மறைந்திருக்கக் கூடும் என்று எடுத்துக்காட்டியதும் இந்நகரமே.

ராஸ்தா பேட்டையிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையின் ஆனந்த் பண்டிட், ஷீலா பாவே ஆகிய குழந்தை மருத்துவர்கள், இங்கிலாந்தைச் சேர்ந்த டானர் என்பாருடன் கூடி, பச்சிளங் குழந்தைகளைக் கொண்டுபோன கல்லீரல் இறுக்க நோயை ஆராய்ந்தனர். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பால் செம்பை ஏற்றுக்கொள்கிறது. அதை உண்ட குழந்தையின் கல்லீரலில் செம்பு படிந்து நோயாகலாம் என்பது 1983இல் அவர்கள் வெளியிட்ட கருத்து. ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்நோய்க்கு ஆளானதால், இது பரம்பரை நோய் என்று கருதியோரும் உண்டு. அக்கருத்தை முற்றிலும் பிழை என்று தள்ளுவதற்கில்லை. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகளுக்கு நேர்ந்த இத்தகைய நோயை ஆராய்ந்தவர்கள், பெற்றோர் இருவர் வழியாகவும் வந்த குறையும் செம்புப் பாத்திரத்துப் பாலும் சேர்ந்தே கேடு செய்தன என்று 1996இல் எழுதினர். பாத்திரம் மாறியது, நோயும் மறைந்தது. நம் நாட்டிலும் எவர்சில்வர் பரவிய பின் இந்நோய் அரிதாயிற்று.

என் வினா இங்கேதான் எழுகிறது. மஞ்சட்காமாலை தோன்றிய பின் வந்த குழந்தைகளில் பெரும்பாலோரைக் காக்க இயலவில்லை. அதற்கு முன்பே, கல்லீரல் தடித்த நிலையில், பெனிசிலமைன் மருந்து பெற்றோருள் பிழைத்தவர் மிகுதி. ஆகவே மாண்ட குழந்தையின் தம்பியை, அவன் முற்றத்தில் ஓடியாடும்போதே அழைத்து வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும்; ஐயம் எழுந்தால் ஊசி செலுத்திக் கல்லீரலின் துணுக்கையும் எடுக்க வேண்டும். "நன்றாயிருக்கும் பிள்ளையை ஏன் நோயாளி ஆக்குகிறீர்கள்?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன விடை கூறுவது?

ஐயத்திற்கு இடமின்றிப் பரம்பரையாய் வரும் வில்சன் நோயில் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்ற இயலாத குறை அது. பிறந்த நாள் முதல் செம்பு சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் உடல் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பிள்ளைக்கு இருப்பின், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. கருவிழியின் விளிம்பில் பொன்மாநிற வளையம் சிலருக்குத் தெரியும். தெரியாவிடினும் இரத்தமும் ஒரு நாள் முழுதும் சேர்த்த சிறுநீரும் பெரும்பாலும் உண்மையை உரைக்கும். கண்டுகொண்டால் வாழ்நாள் முழுதும் மருந்து. காணாவிடில் கல்லீரலோ மூளையோ சிதையும்.

அத்தாயின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. மகளுக்கு நோய் என்று ஊர் அறிந்தால் திருமணம் என்னாகும் என்று அவள் அஞ்சுகிறாள்; அவ்வச்சத்தை அவளுக்குத் தந்தவர்கள் நாம். ஆயினும் அம்மகளின் கல்லீரல் ஊராரின் பேச்சுக்காகக் காத்திருப்பதில்லை. தீர்க்கும் வழி கையிலிருக்க, பார்க்க மறுப்பதும் ஒரு செயலே. அதன் விளைவைச் சுமப்பவளோ பேசும் உரிமை இன்னும் பெறாத சிறுமி. மருந்தே இல்லாத பரம்பரை நோயாயின் என் விடை வேறு: அங்கே அறியாதிருக்கும் உரிமையை, பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யும் வரை, பெற்றோரும் பறித்தல் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பாத்திரத்தில் பால் காய்ச்சியவளிடம், "உன் பாத்திரமே காரணம்" என்று எவ்வாறு சொல்வது? காரணமாதல் வேறு, குற்றமாதல் வேறு. அவ்வேறுபாட்டை விளக்க ஒரு நாழிகை ஆகும் என்றால், வெளியே எத்தனை பேர் காத்திருப்பினும், மருத்துவர் அந்நாழிகையை அவளுக்குத் தந்தே ஆகவேண்டும். அதன்பின் இளையவனை அழைத்துவரச் சொன்னால் அவள் அழைத்து வருவாள்.