ஆலை அழிந்த இடம்

பயன் தரும் காலத்தில் ஒரு பொருளைப் போற்றுவது எல்லார்க்கும் எளிது. அதன் பயன் தீர்ந்தபின், அப்பொருளுக்கும் அது நின்ற இடத்திற்கும் மனிதர் ஏதேனும் கடன்பட்டிருக்கின்றனரா என்பதே எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. கடன் இல்லை என்பார், காலத்தின் போக்கைச் சான்று காட்டுவர். கடன் உண்டு என்பார், நன்றி மறவாமையைச் சான்று காட்டுவர். இவ்விரு கூற்றுள் எது அறத்தின்பாற்பட்டது என்று காண்பதற்கு, இங்கிலாந்தில் அழிந்துபோன காற்றாலை ஒன்றின் வரலாறும், யோங் பெங் வட்டாரத் தோட்டப்புறங்களின் வரலாறும் ஒருங்கே துணை செய்கின்றன.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நாரிச் நகரை அடுத்து ஸ்புரௌஸ்டன் என்னும் ஊர் உள்ளது. அங்கே மௌஸ்ஹோல்டு எனப்படும் புதர்நிலத்தின் ஓரத்தில் 1780ஆம் ஆண்டில் மரத்தாலான காற்றாலை ஒன்று எழுப்பப்பட்டது. ஒற்றை நடுத்தூணின்மேல் ஆலையின் உடல் முழுவதும் அமர்ந்திருக்கும் அமைப்பு அது. காற்று எத்திசையிலிருந்து வீசினும், ஆலைக்காரர் அத்திசை நோக்கி முழு ஆலையையும் திருப்பி நிறுத்துவார். இறக்கைகள் சுழலும், உள்ளே கல் சுழலும், ஊரார் கொணர்ந்த தானியம் மாவாகும். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இவ்வாறு நின்ற ஆலைக்கு முடிவு 1933ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் வந்தது. புதர்நிலத்தில் எரிந்த தீயின் பொறி ஒன்று பறந்து வந்து மரத்தில் பற்றியது. ஆலை எரிந்து சாம்பலாயிற்று.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. அவ்வாலையைக் காத்துப் போற்றும் பொருட்டு, நார்ஃபோக் வட்டாரத் தொல்பொருள் அறக்கட்டளையிடம் அதனை ஒப்படைக்க ஏற்பாடாகியிருந்தது. ஒப்படைக்கவிருந்த வேளையில்தான் தீ முந்திக்கொண்டது. காக்கும் எண்ணம் பிறவாமல் அழிந்த பொருள்கள் உலகில் பல. எண்ணம் பிறந்தும் காலம் தாழ்ந்தமையால் அழிந்த பொருள்களின் வரிசையில் ஸ்புரௌஸ்டன் ஆலை நிற்கிறது.

ஆயினும் அவ்வாலை முற்றும் மறைந்துவிடவில்லை. அவ்வட்டாரத்தில் வாழ்ந்து 1821இல் மறைந்த ஜான் குரோம் என்னும் ஓவியர், நாரிச் நகருக்கு அருகிலிருந்த காற்றாலை ஒன்றைத் தீட்டியிருந்தார். அவ்வோவியத்தை ஸ்புரௌஸ்டன் ஆலையோடு இணைத்து, அதனைக் குரோமின் ஆலை என்றே மக்கள் வழங்கினர். மரம் எரிந்தது, உருவமும் பெயரும் எரியவில்லை. இலண்டன் மாநகரின் நடுவே ‘கிரேட் வின்ட்மில் தெரு’ என்றொரு தெரு இன்றும் உள்ளது. அத்தெருவுக்குப் பெயர் தந்த காற்றாலை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே போய்விட்டது. எனினும் அங்கே ஓர் ஆலை நின்றது என்னும் செய்தியைத் தெருவின் பெயர் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி யோங் பெங்கை நோக்குவோம். ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் அமைந்த இவ்வூரின் பெயருக்குச் சீன மொழியில் நிலைத்த அமைதி என்று பொருள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழிச் செல்வோர் உணவுக்காக வண்டியை நிறுத்தும் ஊராகவே பலரும் இதனை அறிவர். சுற்றுப்புறமெங்கும் செம்பனை பரந்து கிடக்கிறது. அதனைக் காணும் இளையோர், அம்மண்ணில் என்றும் செம்பனையே நின்றது என்று எண்ணினால் அவர்களைக் குறை கூற இயலாது. முன்பு அங்கே நின்றது பால்மரம் என்பதை அவர்களுக்குச் சொல்லும் பொருள் ஒன்றும் அங்கே எஞ்சவில்லை.

1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள்வழித் தமிழகத்து ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. அத்தோட்டங்களின் நடுவே ஆலையும், ரப்பரைப் புகையூட்டும் கூடமும் நின்றன. இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைத் தொழிலாளர் சுமந்து வருவர். பாலை வடிகட்டி, நீர் கலந்து, அமிலமிட்டு உறையச் செய்வர். உறைந்ததை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர். அத்தகடுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, விறகு மூட்டிச் சில நாள்கள் புகையில் உலர்த்துவர். வெளுத்த தகடு பொன்னிறம் கொண்டு வெளிவரும். உலகத்துச் சந்தைகளுக்குச் சென்ற அப்பொன்னிறத்துள் ஒரு சமுதாயத்தின் விடியற்காலைகள் எல்லாம் அடங்கியிருந்தன.

அக்கூடங்கள் மறைந்ததற்கும் இங்கிலாந்தின் காற்றாலைகள் மறைந்ததற்கும் காரணம் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கே நீராவி வந்தது. பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகு உருளைகள் பூட்டிய பெரிய மாவாலைகள் துறைமுகங்களில் எழுந்தன. ஊர்தோறும் நின்ற கல் ஆலைகள் வேலையற்று நின்றன. ஈங்கே 1965இல் மலேசியத் தர நிர்ணய ரப்பர் என்னும் முறை அறிமுகமாயிற்று. தகடுகளின் இடத்தைக் கட்டி ரப்பர் பிடித்தது. தோட்டத்துக்கொரு புகைக்கூடம் தேவையற்றதாயிற்று. அதற்கு முன்னரே, 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அதன் விளைவாக வேலையிழந்து நின்ற தொழிலாளர்க்கு உதவவே துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர்ச் செம்பனை வந்து பால்மரத்தையே பெயர்த்தது. ஆலையோ அதில் உழைத்தவரோ எக்குற்றமும் செய்யவில்லை. காலம் மாறிற்று, அவ்வளவே.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. காலம் மாறியதால் போன பொருளுக்காக வருந்துவானேன்? புகைக்கூடத்தைக் காத்தால் எவர் வயிறு நிறையும்? இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லாப் பழங்கட்டடங்களையும் காக்க முற்பட்டால் வாழ்வோர்க்கு இடம் இராது. ஆயினும் இம்மறுப்பு இரண்டு சொற்களை ஒன்றெனக் கொள்கிறது. பயன் வேறு; மதிப்பு வேறு. முதுமையுற்ற தந்தையால் வருவாய் இல்லை எனின், அவர் மதிப்பிழந்தார் என்று எந்த மகனும் கூறான். கட்டடம் தந்தையன்று என்பது மெய்யே. ஆனால் ஒரு தந்தையின் உழைப்பு முழுவதும் ஒரு கட்டடத்தின் வழியே சென்றிருப்பின், அதனை வெறும் கல்லும் தகரமும் என்று தள்ளிவிட இயலுமா? இடத்திற்குச் செய்யும் கடன் என்பது அவ்விடத்தில் உழைத்த மனிதர்க்குச் செய்யும் கடனே அன்றி வேறன்று.

இரண்டாம் மறுப்பு இதனினும் கூரியது. தோட்டம் இன்பக் களமா? குறைந்த கூலி, நெருங்கிய லயம், துரையின் அதட்டல், கங்காணியின் கெடுபிடி ஆகியவை நிறைந்த இடத்தைப் போற்றுவது அடிமை வாழ்வைப் போற்றுவதாகாதா? யோங் பெங் மண் வேறு துன்பங்களையும் கண்டது. 1942 சனவரியில் மூவார்ப் போரின்போது, பின்வாங்கும் படைகளின் வழியில் இவ்வூர் இருந்தது. சப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். இத்தகைய இடத்தை மறப்பதே நலம் என்று சிலர் கருதுவதில் வியப்பில்லை.

ஆனால் நினைத்தல் என்பது புகழ்தல் அன்று. இங்கிலாந்தின் ஆலைகளும் இன்ப வரலாறு மட்டும் உடையவை அல்ல. இடைக்காலத்தில் நிலக்கிழாரின் ஆலையிலேயே குடிமக்கள் மாவரைக்க வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தலைவர் ஒருவர், ஊரார் வீட்டில் வைத்திருந்த திரிகைக் கற்களைப் பறித்து மடத்தின் தளத்தில் பதிப்பித்தார். 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியின்போது மக்கள் அத்தளத்தைப் பெயர்த்து, கல்லை உடைத்து, துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டனர். தம் பாட்டனாரிடமிருந்து பறிக்கப்பட்ட கல் எங்கே கிடக்கிறது என்பதை ஐம்பதாண்டு கடந்தும் அவர்கள் மறக்கவில்லை. மறந்திருந்தால், இழைக்கப்பட்ட அநீதியும் உடன் மறைந்திருக்கும். துன்பம் நிகழ்ந்த இடத்தை அழித்துவிட்டால் துன்பம் அழிவதில்லை. அதற்கான சான்றே அழிகிறது.

தமிழ் மரபு இவ்வுண்மையை அறியாததன்று. வீழ்ந்த மறவர்க்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாக வகுக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கும் அம்முறை வாழ்த்துவதில் முடிகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டதென்பர். அப்பட்டினத்தின் கடைத்தெருவையும் துறைமுகத்தையும் இன்றைய மாணவர் கண்முன் காண்பது எவ்வாறு? பட்டினப்பாலையின் 301 அடிகளும் சிலப்பதிகாரமும் இருப்பதனாலேயே. கீழையூரில் 1960களில் பழந்துறை ஒன்று அகழ்ந்து காணப்பட்டபோது, அது வெறும் செங்கற் கட்டடமாகத் தோன்றாமல் அறிமுகமான ஊராகத் தோன்றியதற்கும் அப்பாட்டுகளே காரணம். ஆலையைக் குரோமின் தூரிகை காத்தது. பட்டினத்தைப் புலவரின் நா காத்தது. மலாயாவின் புகைக்கூடங்களைக் காத்தது எது?

விடை முற்றிலும் வெறுமையானது அன்று. தோட்டம் அழிந்தபின் ஊருக்குப் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பல, இன்றும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சுற்றிலும் கடைகளும் குடியிருப்புகளும் இருக்க, பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் இருக்கிறது. பெயரை மாற்றினால் என்ன என்று கேட்போர் உண்டு. இலண்டன் தெருவின் பெயர் செய்யும் தொண்டையே அப்பெயர்ப்பலகையும் செய்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைந்துள்ளன. மூடப்பட்ட ஒவ்வொரு பள்ளியோடும் ஒரு தோட்டத்தின் பெயரும் மக்கள் நாவிலிருந்து நழுவுகிறது.

ஆயினும் பெயர் மட்டும் போதாது. பெயருக்குப் பொருள் சொல்வோர் வேண்டும். இக்கடன் யாருடையது? நிலத்தை விலைக்கு வாங்கியவர்க்குச் சட்டப்படி இதில் கடமை இல்லை. அரசுக்குக் காக்க வேண்டியவை பல. ஆகவே, எவர் உழைப்பு அவ்விடத்தில் கிடக்கிறதோ அவர் மரபினர்க்கே முதற்கடன். அவருள்ளும் எழுத்தறிந்தார்க்குக் கடன் மிகுதி. ஆசிரியர் மாணவரிடம் ஒரு கட்டுரைத் தலைப்பைத் தந்து வீட்டுப் பாட்டியிடம் அனுப்பலாம். தோட்டத்தை மக்கள் எப்பெயரால் வழங்கினர், பிரட்டு எங்கே நின்றது, பால் எங்கே நிறுக்கப்பட்டது, கூலி எவ்வளவு, கோயில் எத்திசையில் இருந்தது, மயானம் எங்கே என்பவற்றை எழுதி வரச் சொல்லலாம். பெருமையும் எழுதப்பட வேண்டும். பட்ட அடியும் எழுதப்பட வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது.

இதற்குக் கட்டடமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. காலம் ஒன்றே வேண்டும். அது குறைந்துகொண்டே வருகிறது. பிரட்டு மணியோசையைக் கேட்டு எழுந்தவர்கள் இன்று முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். ஸ்புரௌஸ்டன் ஊராரிடம் நல்லெண்ணம் இருந்தது, ஏற்பாடும் இருந்தது, ஒப்படைக்கும் நாள் மட்டும் வந்து சேரவில்லை. அவர்களுக்கேனும் எரிந்த ஆலையின் ஓவியம் எஞ்சியது. இங்கே ஓவியமும் இல்லை. முதியோர் நினைவு ஒன்றே உண்டு. அந்நினைவு ஏட்டில் ஏறும்வரை, செய்ந்நன்றி பற்றி வகுப்பறையில் நடத்தும் பாடம் நிறைவு பெறாது.