மூப்பு நோயா? மாதவிடாய் நிறைவும் தோலும்

மாதவிடாய் நின்றபின் சூலகங்களில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு பெரிதும் அடங்கிவிடுகிறது. தோலில் கொலாஜன் என்ற புரதத்தை உருவாக்கும் செல்கள் இந்த ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவை. அது குறையும்போது அவற்றின் வேலையும் தளர்கிறது. முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதமும், பிறகு ஆண்டுதோறும் சுமார் 2 சதவீதமும் குறைவதாக ஆய்வுகள் கணிக்கின்றன. தோல் மெலிந்து, உலர்ந்து, சுருக்கம் காண்கிறது. இது குணப்படுத்த வேண்டிய நோயா, வாழ்வின் ஒரு பருவமா என்பது உடலியல் மட்டும் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி அன்று.

அமெரிக்க மகளிர் மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966இல் வெளியிட்ட ‘ஃபெமினின் ஃபார் எவர்’ நூலில், மாதவிடாய் நிறைவு ஒரு ஹார்மோன் குறைபாட்டு நோய் என்றும், ஈஸ்ட்ரோஜன் அதைத் தீர்க்கும் என்றும் வாதிட்டார். எல்லாப் பெண்களும் கடந்தாக வேண்டிய ஒரு நிலை அவர் கையில் நோயாக மாறியது. இதற்கு நேர் எதிரான அளவுகோலை மெய்யியலாளர் கிறிஸ்டோஃபர் பூர்ஸ் 1977இல் முன்வைத்தார். ஒருவரின் வயதுக்கும் பாலினத்துக்கும் இயல்பான அளவில் உறுப்புகள் இயங்கினால் அது நலம் என்பது அவர் கருத்து. அதன்படி ஐம்பத்தைந்து வயதில் வரும் சுருக்கம் நோயாகாது.

ஆனால் இயல்பு என்ற அளவுகோலும் போதாது. முதுமையில் கண்புரை பலருக்கும் வருகிறது. அதற்காக அறுவைசிகிச்சை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே ஒரு மாற்றம் இயற்கையானதா என்பதைவிட, அது துன்பத்தையும் செயலிழப்பையும் தருகிறதா என்று கேட்பதே சரி. திடீரென உடல் கொதித்து வியர்ப்பதும், தூக்கம் கெடுவதும், எலும்பு நொய்வதும் அத்தகைய துன்பங்கள். தோல் வறட்சியும் அரிப்பும்கூட அப்படியே. சுருக்கம் மட்டும் வேறு வகை. அது தரும் வேதனை பெரும்பாலும் பார்ப்பவரின் மதிப்பீட்டிலிருந்து வருகிறது. ஆணின் மூப்பைப் பொறுக்கும் சமூகம் பெண்ணின் மூப்பைத் தண்டிக்கிறது என்று எழுத்தாளர் சூசன் சொண்டாக் 1972இல் எழுதிய கட்டுரை இந்த அநீதியைத்தான் சுட்டியது.

சமய மரபுகளும் இக்கேள்வியைத் தொட்டிருக்கின்றன. பௌத்தம் மூப்பைத் துக்கத்தின் வடிவங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. வைசாலியின் புகழ்பெற்ற கணிகையாக இருந்து பிக்குணியான அம்பபாலியின் பாடல், பிக்குணிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதையில் உள்ளது. தன் கூந்தலும் கண்ணும் மேனியும் அடைந்த மாற்றத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் நிலையாமையின் உண்மையை அவர் காண்கிறார். சைவ மரபின் திருமூலர் வேறு வழியில் செல்கிறார். முதலில் உடம்பை இழிவெனக் கருதியவர், அதற்குள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணலானதாகத் திருமந்திரம் கூறுகிறது. முன்னது உடலின் மீதான பற்றைத் தளர்த்துகிறது. பின்னது உடலைப் பேணுவதைக் கடமையாக்குகிறது. இளமையைப் பிடித்துவைப்பதை இந்த இரு பாடல்களுமே இலக்காகக் கொள்ளவில்லை.

மருத்துவச் சான்றும் இந்தத் திசையிலேயே நிற்கிறது. ஹார்மோன் சிகிச்சை கொலாஜனையும் தோலின் தடிப்பையும் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் கண்டன. முகச் சுருக்கத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று வேறு சில சோதனைகள் காட்டின. 16,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துத் தந்தபோது மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு ஆகியவை கூடியதால் 2002இல் அந்தச் சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. பின்னர் நடந்த மறுஆய்வுகள், 60 வயதுக்கு உட்பட்ட, கடும் தொல்லைக்கு ஆளான பெண்கள் பலருக்கு நன்மையே மிகுதி என்று தெளிவுபடுத்தின.

துன்பம் தீர்க்க மருத்துவர் ஆலோசனையுடன் இச்சிகிச்சையை ஏற்பது முறையானது. அதற்காக எந்தப் பெண்ணும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. தோலின் இளமைக்காக மட்டும் அந்த ஆபத்தை ஏற்பது தகாது. தோலைக் காக்க வெயில் தடுப்பும் ஈரப்பதம் காக்கும் பூச்சும் உள்ளன. சுருக்கத்தைக் குறையென்று பழிக்கும் பார்வைக்கு மருந்து தேவையில்லை. அந்தப் பார்வையைச் சமூகமே திருத்திக்கொள்ள வேண்டும்.