குளம் தொட்டவரும் தூர் எடுத்தவரும்

சைவத் தமிழ் மக்களின் வாழ்வில் குளம் தொடுதல், கிணறு வெட்டுதல், தண்ணீர்ப் பந்தல் வைத்தல் ஆகியன பேரறங்களாகப் போற்றப்பட்டு வந்துள்ளன. திருவள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்கே கொடுத்தார். பேரறிவாளன் கையில் சேர்ந்த செல்வத்துக்கு ஊரார் நீருண்ணும் குளத்தையே உவமையாகக் காட்டினார். திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் சேர்ந்திருந்தமை இந்த அறத்தின் வழிவந்ததேயாகும்.

நீர்நிலையை அமைத்தவருக்குப் புண்ணியம் உண்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அமைத்தவர் மறைந்த பின்னர் அதற்குப் பொறுப்பாளி யார்? அள்ளிக் குடிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்றால், காக்கும் கடமை யாருக்கு? ஒரு குளம் தூர்ந்து போனால் அந்தப் பழி யாரைச் சேரும்? அற நூல்களைக் கற்றவர்களும் இந்த வினாக்களை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நீர்வேலி போன்ற ஓர் ஊருக்கோ இவை அன்றாட வினாக்கள் ஆகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழையே ஆண்டின் பெரும்பகுதித் தேவைக்கான முதல். அந்த முதலைச் சேமித்து வைக்கும் பெட்டகம் நிலத்தின் கீழுள்ள சுண்ணக்கல் ஆகும். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகிறது. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் இருக்கின்றன. அவற்றில் தேங்கும் நீர் மாடு குடிக்கவும் வயலுக்குப் பாயவும் உதவுவதோடு, மெல்ல மெல்லக் கீழிறங்கிக் கிணறுகளையும் நிரப்புகிறது. ஆகவே குளம், வாய்க்கால், தரவை, கிணறு என்பன வெவ்வேறு சொத்துக்கள் அல்ல. அவை ஒரே பெட்டகத்தின் உறுப்புக்கள். நீர்வேலியில் வாய்க்காற்தரவைப் பிள்ளையார் என்று ஒரு கோயிலுக்குப் பெயர் வழங்குகிறது. வாய்க்காலையும் தரவையையும் இறைவனின் பெயரோடு சேர்த்து அழைத்த முன்னோர், அவை ஊருக்கு எத்துணை இன்றியமையாதன என்பதை அறிந்தே இருந்தனர்.

இந்தப் பெட்டகத்துக்கு அடித்தட்டாக இருப்பது கடல்நீர். நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர்களின் கணக்கு. மேலே 1 அடி குறையுமாயின் கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறி வர இடமுண்டு. புத்தூருக்கு அணித்தாக நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு இந்த உண்மைக்குக் கண்கண்ட சான்று. அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கின்றன.

இதனை அறிந்தபின் "என் காணி, என் கிணறு, என் தண்ணீர்" என்று சொல்வது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சிந்திக்க வேண்டும். கிணற்றின் கட்டும் துலாவும் மோட்டரும் ஒருவருக்குச் சொந்தமாகலாம். கீழே நிற்கும் நீருக்கு வேலியுமில்லை, உறுதியுமில்லை. முன்னோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர். காணி உறுதிகளில் நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்படுவதும், பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பதும் அந்த உணர்வின் வெளிப்பாடே. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது. மண்ணெண்ணெய் இயந்திரமும் மின்மோட்டரும் அந்த எல்லையை நீக்கிவிட்டன. உடம்பு வகுத்த எல்லை போன பின்னர் மனச்சாட்சி ஓர் எல்லையை வகுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குளம் ஒரே நாளில் அழிவதில்லை. மாரி வெள்ளம் ஆண்டுதோறும் சிறிது மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கும். ஒருவர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுவார். இன்னொருவர் வாய்க்காலின் குறுக்கே மதில் எழுப்புவார். வேறொருவர் வீட்டுக் குப்பையை ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கரையில் வைப்பார். எவரும் குளத்தை அழிக்க எண்ணவில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளின் பின் குளம் இல்லை. மாரியில் வீட்டு முற்றத்தில் வெள்ளம் நிற்கும். பங்குனி, சித்திரையில் கிணறு அடி காட்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கொண்டுவந்த மழையில் குடாநாடு வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தான் தங்கிய பழைய இடங்களையே தேடிச் சென்றதைப் பலர் கண்டனர். களவுக்கு ஒரு கள்வன் இருப்பான். இத்தகைய அழிவில் கள்வன் என்று சுட்ட ஒருவரும் இல்லை. எல்லோரும் சிறிது சிறிதாகச் செய்த குற்றம் எவருடைய குற்றமும் அல்ல என்று எண்ணுவதே இங்குள்ள பெரும் மயக்கம்.

இந்த இடத்தில் தண்டியடிகள் நாயனாரின் வரலாறு நினைக்கத் தக்கது. திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவராக வாழ்ந்த அவர் புதிய குளம் எதனையும் வெட்டவில்லை. கோயிலின் மேற்கே இருந்த திருக்குளம் தூர்ந்து சுருங்கிப் போனதை அறிந்து வருந்தினார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண்ணை வெட்டிச் சுமந்து கரையேற்றினார். அயலார் தடுத்தும் எள்ளியும் அவர் நிறுத்தவில்லை. முன்னொருவர் அமைத்த குளத்தின் மண்ணை அள்ளியமைக்காகவே அவர் அறுபத்துமூவருள் ஒருவராக வணங்கப்படுகிறார். பராமரிப்பு அமைத்தலுக்குத் தாழ்ந்த தொண்டு என்று நினைப்பவர்களுக்குப் பெரியபுராணம் தரும் விடை இது.

நீர்வேலி மண்ணிலேயே இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய அரசகேசரியின் பெயரால் இங்கே ஒரு பிள்ளையார் கோயில் வழங்குகிறது. நல்லூர் அரசர் காலத்து அந்த நூல் எழுதப்பட்டது ஓலையில். ஓலையைச் செல்லரிக்கும், காலம் முறிக்கும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியவர்கள் இருந்தபடியாலேயே அந்நூல் அச்சு வாகனம் ஏறும் காலம் வரை நிலைத்தது. பாடியவர் ஒருவர், அவர் பெயர் நிலைத்திருக்கிறது. பெயர்த்தெழுதியவர் பலர், அவர்கள் பெயர் பெரும்பாலும் தெரியாது. அவர்கள் இல்லையேல் பாடியவரின் உழைப்பும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். கேணியின் வரலாறும் அத்தகையதே.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் எடைபோட வேண்டும். தோட்டக்காரருக்கு வாழையும் வெங்காயமும்தான் சீவனம். பசளை போடாமல் விளைவு வராது, இறைக்காமல் பயிர் நிற்காது. இது உண்மை. ஆனால் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் எருவும் செம்மண்ணைக் கடந்து சுண்ணக்கல்லின் வழியே கிணற்றை அடைகின்றன. அந்நீரில் பால் கரைத்து ஊட்டினால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆகவே தோட்டக்காரரை யாரும் பசளையை விடச் சொல்லவில்லை. பயிர் உண்ணும் அளவை அறிந்து, பிரித்துப் பிரித்துப் போடுவது பணத்துக்கும் மிச்சம், அயலவர் கிணற்றுக்கும் காப்பு. ஓரிடத்தில் விட்ட கழிவு இன்னோரிடத்தில் எழும் என்பதைச் சுன்னாகம் உணர்த்தியது. மின்நிலையப் பகுதியின் எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. ஆனால் எண்ணெய் படிந்த கிணற்றைப் பணம் ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

இன்னொரு நியாயம், இவையெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்பது. பிரதேச சபைக்கும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் கடமை உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் குழாய் நீர் வாழைக்கும் வயலுக்கும் பாயப் போவதில்லை. உவரேறிய நிலத்தைத் திருப்பித் தரவும் போவதில்லை. திணைக்களம் ஆண்டுக்கு ஒருமுறை இயந்திரத்தை அனுப்பலாம். நாளாந்தம் குப்பை விழாமல் பார்க்கும் கண் ஊருக்குள்தான் இருக்க வேண்டும்.

காத்தல் என்பது நீரைக் காத்தல் மட்டும் அன்று, நீரிடமிருந்து மனிதரைக் காத்தலும் ஆகும். ஆழமான நீரைத் தேக்கி வைப்பவர் ஓர் ஆபத்தையும் தேக்கி வைக்கிறார். கட்டில்லாத தோட்டக் கிணறும் படிகள் பாசி பிடித்த கேணியும் குழந்தைகளுக்குப் பொறி. கிணற்றுக்குள் இயந்திரத்தை இறக்கி ஓட்டுவது மிகக் கொடிது. அதன் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கும். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் இங்கே நம்ப முடியாது, புகையின் நச்சுவாயு இருந்தும் விளக்கு எரியக் கூடும். மலகூடக் குழியைக் கிணற்றுக்கு அருகே அமைத்தால் சுண்ணக்கல் வெடிப்பு அழுக்கை வடிக்காமலே கடத்திவிடும். மலேரியா நீங்கிய நாடென இலங்கை 2016 இல் சான்று பெற்ற அதே ஆண்டின் இறுதியில், கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. கிணற்றுக்கு வலையும் தொட்டிக்கு மூடியும் இடுவதும், நுளம்புப் புழுவைத் தின்னும் சிறு மீன்களை விடுவதும் அயலாரின் உயிரைக் காக்கும் தருமங்களே. இந்த ஊரின் பெயரில் நீரும் வேலியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நீருக்கு வேலி வேண்டும் என்று அப்பெயர் நினைவூட்டுவதாகக் கொள்ளலாம்.

ஆனால் அந்த வேலி மனிதரை விலக்கும் வேலியாகி விடக் கூடாது. குடாநாட்டில் ஒரு காலத்தில் தாகத்தோடு வந்தவர்கள் பிறப்பைக் காரணங்காட்டிக் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர். யாரேனும் அள்ளி ஊற்றும் வரை குடத்தோடு காத்திருந்தனர். கட்டும் படியும் சீராக இருந்தும் அக்கிணறுகள் அறத்தில் தூர்ந்தே கிடந்தன. நீர்நிலையைப் பேணுதல் என்பது அதன் வாசலைத் திறந்து வைத்தலையும் சேர்த்ததே.

ஆர்வம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையோரத்தில் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவு செய்ய நல்லெண்ணத்தோடு பலமுறை இயந்திரத்தால் இறைத்தனர். அதிகமாக இறைக்க இறைக்கக் கீழிருந்து உப்பு மேலும் ஏறியது. வேகத்தைக் குறைத்து மழைக்குக் காத்திருக்குமாறு அறிஞர் கூற வேண்டியதாயிற்று. தூர் எடுப்பதிலும் இதே நிதானம் தேவை. அடியிலுள்ள இறுகிய களியையும் கல்லையும் வரைமுறையின்றி உடைத்தால் குளம் நீர் தாங்காது போகலாம்.

கோபுரத்துக்கும் மணிமண்டபத்துக்கும் உபயம் செய்பவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. கேணியில் மண் அள்ளியவரின் பெயரை எவரும் பொறிப்பதில்லை. இதனாலேயே புதியன பெருகுகின்றன, பழையன தூர்கின்றன. ஆலயங்களின் ஆண்டுக் கணக்கில் கேணிக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒரு தனி வரி இருக்குமானால், ஆடி, ஆவணியில் நீர் குறைந்திருக்கும்போதே தூர் எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் வாய்க்காலைத் திறந்து, கட்டையும் படியையும் திருத்தி, செய்த வேலையை ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் வழக்கம் ஏற்படுமானால், அது தண்டியடிகளின் தொண்டைத் தொடர்வதாகும். தீர்த்தத் திருவிழாவுக்கு முன் கேணியைத் துப்புரவாக்காத ஊர் இல்லை. சுவாமி தீர்த்தமாடி இருப்பிடம் திரும்பிய மறுநாளும் அது அதே கேணிதான். அந்த ஒரு நாளுக்குச் செலுத்தும் அக்கறை ஏனைய நாட்களுக்கும் நீளுமாயின், அடுத்த தலைமுறைக்கும் இந்த மண்ணில் நன்னீர் கிடைக்கும்.