இரும்பினும் வலிய தளை

திருவனந்தபுரத்தினின்று நாகர்கோயில் செல்லும் பெருவழியில், தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ளது உதயகிரிக் கோட்டை. பத்மநாபபுரம் அரண்மனையைக் காணக் குடும்பத்துடன் செல்லும் அன்பர்கள் பலர் இங்கும் செல்வர். இன்று அது வனத்துறையின் பூங்கா. அது முன்னர்ச் சிறையாகவும் இருந்ததென்பதை நம் குழந்தைகள் அறிதல் நன்று.

1741ஆம் ஆண்டு குளச்சற் போரில் மார்த்தாண்டவர்மரிடம் தோற்ற டச்சுப் படையினர் இங்கு வைக்கப்பட்டனர். அவருள் ஒருவரான டிலனாயின் திறமையை அறிந்த மன்னர், தம் படையைப் பயிற்றும் பொறுப்பை அவருக்கு அளித்தார். சிறைப்பட்டவரே அக்கோட்டையைப் புதுப்பித்தார் என்பது விந்தையன்றோ! பின்னர்ப் படைத்தலைவராகி, 'வலிய கப்பித்தான்' எனப் பெயர் பெற்று, 1777இல் மறைந்தார். தமிழும் இலத்தீனும் பொறித்த அவர் கல்லறை, கோட்டையினுள் பாழடைந்த சிற்றாலயத்தில் உள்ளது. களக்காட்டுப் போரில் மாண்ட அவருடைய மகனின் கல்லறையும் அங்கேயே உண்டு. சிறை விட்டது, போர் விடவில்லை.

சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்ற பிக்குகள் சிலர், விலங்கும் கயிறும் பூட்டப்பட்ட கள்வரைச் சிறையிற் கண்டனர். "இவற்றினும் வலிய தளை உண்டோ?" என்று பகவானை வினவினர். பொருளிடத்தும் மனைவி மக்களிடத்தும் கொள்ளும் வேட்கையே அதனினும் வலிது என்று பகவான் அருளி, ஒரு முற்பிறப்புக் கதையையும் உரைத்தார். துறவு வேண்டிய ஏழை ஒருவனை அவன் மனைவி, குழந்தை பிறக்கட்டும் என்றாள்; பிறந்தபின், பால்குடி மறக்கட்டும் என்றாள்; அதற்குள் மீண்டும் கருவுற்றாள். பந்தனாகார ஜாதகம் என்பது இதுவே.

குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு கோட்டைக்குள் நடக்கும் இல்லறத்தார்க்கு இம்மொழி கடுமையாகவே ஒலிக்கும். அக்கையை உதறிவிடுவதா? அங்ஙனம் பொருள் கொள்வோர் சிகாலோவாத சூத்திரத்தை நோக்குக. மக்களைத் தீமையினின்று விலக்கி, நன்னெறியில் நிறுத்தி, தொழில் கற்பித்து, உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் பெற்றோர் கடன் என அதே பகவான் விதித்துள்ளார். பகவான் தளை என்றது குழந்தையை அன்று. 'இவன் என்னுடையவன், என் விருப்பப்படியே ஆகவேண்டும்' என்னும் நம் பிடியை. இரும்புத் தளை உறுத்துவதால் சிறைப்பட்டவன் விடுதலையை நாடுகிறான். இதுவோ இனிக்கிறது, ஆதலின் நாம் நாடுவதில்லை.

நம் மகன் நாம் குறித்த படிப்பை மறுத்து வேறொன்றைக் கேட்கும் நாளில் நம் நெஞ்சில் எழும் சினத்தைச் சற்றே உற்று நோக்குவோம். அது அவன் நலம் குறித்ததா, நம் பெயர் குறித்ததா?