மெட்டைக் கடன் வாங்குங்கள்

கம்போங் ராஜாவை ஒட்டிய புளூ வேலி போன்ற தேயிலைத் தோட்டங்களில் பாட்டுக் கட்டியவர்களுக்கு வெற்றுத் தாள் என்ற பயமே இல்லை. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் மெட்டாக வாயிலேயே இருந்தன. அவற்றில் கங்காணியை, தோட்ட எழுத்தரான கிராணியை, குளிரை ஏற்றிப் பாடினார்கள். இன்று பாட்டெழுத உட்கார்ந்து தவிக்கும் பிள்ளைகளோ மெட்டு, சொல், கருத்து மூன்றையும் ஒரே இரவில் புதிதாகப் பெற்றெடுக்கப் பார்க்கிறார்கள். (திரைப்பாட்டில் கூடப் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். கவிஞருக்கே அந்தச் சலுகை உண்டு!)

நம் நாட்டு யோகி பி - நட்சத்ரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பில் என்ன செய்தார்கள்? 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்துக்கு வாலி எழுதி, இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாட்டை எடுத்து, தங்கள் ராப் வரிகளை அதில் சேர்த்தார்கள். மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் முணுமுணுத்தார்கள்.

எழுத வரவில்லையா? பாட்டியிடம் ஒரு தாலாட்டைக் கேளுங்கள். அந்த மெட்டில் உங்கள் ஊர்க் காய்கறி லாரியைப் பாடுங்கள். மெட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.